விண்ணப்பத்தில் ஒட்டிய முகம்

ஊரார் தலையையெல்லாம் விதவிதமாகத் திருத்துகிற சலூன்காரர், தன் தலையை மட்டும் இருபது மாதமாக மாற்றவில்லை. பயம். ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் இந்த வெளிநாட்டுக்குத் தன்னோடு அழைத்துக்கொள்ளக் குடியிருப்பு விசாவுக்கு விண்ணப்பித்தபோது மூவர் படத்தையும் ஒட்டியிருந்தார். அதில் அவருக்கு இடப்பக்க வகிடு, தடித்த மீசை, கருகருவென்று முடி. அதிகாரிகளுக்குத் தெரிந்த முகம் அதுதான், அது மாறக்கூடாது என்பது அவர் கட்சி.

இதைக் கிளப்பிவிட்டவர் பக்கத்து நாற்காலியில் கத்தரி பிடிக்கும் கூட்டாளி. சட்டம் படித்தவரில்லை, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பதால் 'வக்கீல்' என்று பேர் வாங்கியவர். "முகம் மாறிப்போச்சுன்னா ஃபைலை முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுவாங்க தம்பி" என்று ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். சொன்னவர் அன்றைக்கே மறந்துவிட்டார். கேட்டவர்தான் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

பத்து நாளுக்கு ஒருமுறை விண்ணப்ப நகலைக் கண்ணாடியில் செருகிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வக்கீலிடம் முடி வெட்டிக்கொள்வார். காதோரம் நரை எட்டிப்பார்த்ததும் டை அடித்தார். தினமும் கடை திறந்ததும் கைபேசியில் விண்ணப்ப எண்ணைத் தட்டுவார். 'பரிசீலனையில் உள்ளது' என்று வரும். பெருமூச்சு விட்டுவிட்டு முதல் ஆளுக்குத் துணி போர்த்துவார். ஓர் எட்டு வீட்டுக்குப் போய்வரலாம் என்றால், முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் ரத்தாம். பரிசீலிக்கிறவர்களுக்கு என்ன போயிற்று? அவர்கள் மகளா அங்கே அப்பா இல்லாமல் வளர்கிறாள்?

மகளை விட்டு வந்தபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது நாலு. படத்தில் இருந்தபடியே அவள் முடிக்கும் அளவு போட்டுக் கொடுத்திருந்தார்: பின்னால் கழுத்தோடு நிற்க வேண்டும், முன்னால் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே. வாரா வாரம் வீடியோவில் சோதனை. "திரும்பு கண்ணு, பின்பக்கம் காட்டு." போகப் போக, போனில் அப்பா என்றாலே அவள் கேட்காமலே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானே கத்தரியை எடுத்து நெற்றி முடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டாள். ஒருபக்கம் முடியே இல்லை.

"நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே? ரெண்டு வருஷமாப் பொத்திப் பொத்தி வச்சதெல்லாம் போச்சே!" என்று மனைவியிடம் கத்தினார்.

"அப்பா மாதிரி முடி வெட்டினேன்னு சந்தோஷமா வந்து நிக்கறா. நீங்க என்னன்னா கத்தறீங்க" என்றாள் அவள். குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நீங்க மகளை வளர்க்கறீங்களா, அந்தப் போட்டோவை வளர்க்கறீங்களா?"

போன் அணைந்துவிட்டது. அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீம்பு, மூன்று நாள் கூப்பிடவில்லை.

நாலாம் நாள் விசா அலுவலகத்திலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. திறந்து பார்க்காமலே வக்கீலிடம் நீட்டினார்.

"ஆறு மாசத்துக்கு மேலான படம் செல்லாதாம். மூணு பேரும் இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே புதுசா எடுத்து ஒரு வாரத்துக்குள்ள அனுப்பணுமாம்." வக்கீல் தலையாட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே தம்பி."

"எப்பண்ணே சொன்னீங்க?"

வக்கீல் அவசரமாகச் சீப்பு தேடப் போனார்.

சலூன்காரருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாற்காலியில் சாய்ந்து, "ஒட்ட வெட்டுங்கண்ணே" என்றார். டை அடித்த முடியெல்லாம் மடியில் விழ, அடியிலிருந்த நரை வெளியே வந்தது. கண்ணாடியில் இருந்தவரை அவருக்கே அடையாளம் தெரிய ஒரு நிமிடம் பிடித்தது.

வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி அவர் தலையைப் பார்த்தாள். செய்தியைச் சொன்னார். அன்று கத்தியது தப்பு என்றும் சொன்னார்.

"இவளுக்கு முன்னாடி முடி கோணலா இருக்கே, சரி பண்ணிட்டுப் படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். அப்படியே எடு. இங்க வந்ததும் நான் வெட்டி விடறேன்."

மகள் ஓடிவந்தாள். வழக்கம்போல முதுகைக் காட்டி, தலை குனிந்து அசையாமல் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம் கண்ணு. இந்தப் பக்கம் திரும்பு. உன் முகத்தைக் காட்டு."

தப்பு செய்தவள்போல மெல்லத் திரும்பினாள். முகவாயில் ஒரு தழும்பு, ஆறிப்போன பழைய தழும்பு.

"இது எப்படா ஆச்சு?"

"எப்பவோ விழுந்துட்டேன்ப்பா."

நாற்காலியில் வந்து உட்கார்ந்த வாடிக்கையாளரை வக்கீலிடம் அனுப்பிவிட்டு, "எப்படி விழுந்தே, முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.