நாலு விளக்கும் மினுக்கிய குஞ்ஞாலவி

கொண்டோட்டிப் பக்கத்து வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புண்ணியவான் தொடங்கி வைத்தானோ தெரியாது. சந்திப்பில் இடது பக்கம் திரும்ப இடது விளக்கைப் போடுவார்கள், வலது பக்கம் திரும்ப வலது விளக்கைப் போடுவார்கள். நேராகப் போக வேண்டுமென்றால்? நாலு விளக்கையும் போட்டுவிடுவார்கள். வண்டி நடுவழியில் நின்றுபோனால் போட வேண்டிய விளக்கு அது என்று சட்டம் சொல்கிறதாம். சொல்லிக்கொண்டே கிடக்கட்டும், இங்கே யார் காதில் விழுகிறது?

குஞ்ஞாலவிக்கு ஐம்பது வயது, ஒரு செருப்புக்கடை, தொண்ணூற்றிரண்டாம் வருடத்துச் சிவப்புக் கார் ஒன்று. அக்கா மகன் ஷிப்லிக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "மாமா வண்டியிலதான் போவேன்" என்று அவன் ஒற்றைக்காலில் நின்றுவிட்டான். ஷிப்லியின் உப்பா, அதாவது அக்கா புருஷன் பீரான் ஹாஜிக்கு வயிறு எரிந்தது. நீளமான வெள்ளைக் கார் ஒன்றை அவர் வாடகைக்குப் பேசி வைத்திருந்தார்.

"சரி, ஓட்டித் தொலை," என்றார் ஹாஜி. "மண்டபத்துக்கு வழியும் உனக்குத்தானே தெரியும். நீ முன்னாடி போ, பின்னாடி இருபத்திரண்டு வண்டி வருது. ஏதாச்சும் கோளாறு பண்ணினேன்னு வை, நீ மௌத்தாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன் மச்சான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. ஷிப்லிக்குப் பெயர் வைத்த அன்று குஞ்ஞாலவி உட்கார்ந்து உடைத்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு பெருநாளுக்கும் நேற்று நடந்தது போலச் சொல்லிக் கொண்டிருக்கிற மனிதர் அவர். இன்னொரு நாற்காலியைத் தாங்க குஞ்ஞாலவிக்குத் தெம்பில்லை. இந்தக் கல்யாணத்தில் ஒரு குறை வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே காரைக் கழுவினான், மெழுகு போட்டான், இருக்கைக்கு வெல்வெட் உறை மாட்டினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய இண்டிகேட்டர் பல்புகள் மங்கிக் கிடக்கின்றனவே, மாப்பிள்ளை வண்டி பளிச்சென்று மினுக்க வேண்டாமா என்று நாலு எல்இடி பல்பு வாங்கி, வெள்ளிக்கிழமை தன் கையாலேயே மாட்டினான். ஸ்விட்சைத் தட்டினால், அம்மாடி! விளக்கு பேய் பிடித்தது போல டகடகவென்று துடித்தது.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் சுப்ரன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "குஞ்ஞாலவிக்கா, இந்த பல்பு ரொம்பக் கொஞ்சமா கரண்ட் குடிக்குது. உள்ள விளக்கை மினுக்க வைக்கிற ஃபிளாஷர், பல்பு ஃபீஸ் போயிடுச்சுன்னு நெனச்சுப் பதறுது. ஒரு ரெசிஸ்டர் குடுக்கிறேன், கரண்டை அது குடிச்சுக்கும். ஆனா பயங்கரமா சூடாகும், இரும்புலதான் முறுக்கணும்."

குஞ்ஞாலவி அதை பிளாஸ்டிக் பம்பரில் டேப் சுற்றி ஒட்டினான். இரும்பில் துளை போட்டால் பெயிண்ட் போய்விடுமாம். பத்து நிமிடம் மினுக்கிப் பார்த்ததில் பம்பரில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. வீடெல்லாம் நாற்றம். அவன் மனைவி ஸைனபா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "கல்யாணத்துக்கு வண்டிய ரெடி பண்றீங்களா, இல்ல சுட்டுத் தின்னப் போறீங்களா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை சுப்ரன் ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்இடிக்கென்றே வரும் புது ஃபிளாஷரைப் போட்டான். இப்போது விளக்கு நிதானமாக, அழகாக மினுக்கியது. ஆனால் இடது பக்கம் போட்டால் நாலும் மினுக்கியது. வலது பக்கம் போட்டாலும் நாலும் மினுக்கியது.

"ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து டேஷ்போர்டுல ஒரே ஒரு குட்டி பல்பு இருக்கில்ல, அது வழியாத்தான் கரண்ட் அந்தப் பக்கம் தாவுது," என்றான் சுப்ரன். "கரண்டை ஒரு பக்கமா மட்டும் விடுற டயோட் ரெண்டு வச்சா தீர்ந்துச்சு. கடை நாளைக்கு லீவு, திங்கக்கெழமை வச்சுத் தர்றேன். அதுவரைக்கும் அந்த பல்பைக் கழட்டிடுவோம்."

"கழட்டவா? அது எரியலேன்னா இண்டிகேட்டர் போட்டிருக்கேனா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்? மறந்துபோய் மஞ்சேரி வரைக்கும் மினுக்கிட்டே போவேன், ஊரே சிரிக்கும்."

"இப்படியே போனா மட்டும் சிரிக்காதா?"

"நாலு மினுக்குனா என்ன, எட்டு மினுக்குனா என்ன? கல்யாண வண்டிடா, ஜோராத்தான் இருக்கும்!"

தலையெழுத்து, வேறென்ன சொல்ல.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஊர்வலம் பதினேழாம் மைல் சந்திப்பை நெருங்கியது. மண்டபத்துக்கு அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். குஞ்ஞாலவி முறைப்படி இடது இண்டிகேட்டரைப் போட்டான். நாலும் மினுக்கின. பின்னாலேயே வெள்ளைக் காரில் வந்த ஹாஜி, "நாலையும் போட்டுட்டான், நேராத்தான் போகணும்" என்று டிரைவரிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் சந்திப்புக்கு முன்னாலிருந்த குறுக்குச் சாலையிலிருந்து ஒரு பஸ் இரண்டு காருக்கும் நடுவில் புகுந்து மறைத்தது. மறைவில் குஞ்ஞாலவி இடது பக்கம் திரும்பினான். பஸ் நேராகப் போனது, பஸ்ஸுக்குப் பின்னால் இருபத்திரண்டு வண்டியும் நேராகப் போயின.

மண்டபத்து வாசலில் மணப்பெண்ணின் உப்பா அவறான்குட்டி, பத்து உறவுக்காரர்களோடு பன்னீர்ச் செம்பு பிடித்து நின்றார். மாப்பிள்ளை இறங்கினான். குஞ்ஞாலவி இறங்கினான். அப்புறம் யாரும் இறங்கவில்லை.

"மத்தவங்கல்லாம்?" என்றார் அவறான்குட்டி.

"வந்துக்கிட்டே இருக்காங்க," என்றான் குஞ்ஞாலவி. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி ஹாஜிக்கு போன் போட்டான்.

"டேய், எங்கடா நீ?" என்றார் ஹாஜி. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். "நேரா வந்து மண்டபத்தை நாங்களே கண்டுபிடிச்சுட்டோம், வாசல்லயே கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டாங்க. நல்ல மனுசங்க. முதல் பந்தியிலயே நம்மாளு நூறு பேரும் உக்காந்தாச்சு. ஆட்டு பிரியாணி, பஞ்சு மாதிரி இருக்கு. ஷிப்லி எங்க, டிரஸ் மாத்துறானா?"

"மச்சான், ஷிப்லி இங்க எம்பக்கத்துல நிக்கிறான். அங்க மேடையில யாரு பேரு போட்டிருக்கு?"

கொஞ்ச நேரம் மெல்லும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ஜஸீல்னு போட்டிருக்கு," என்றார் ஹாஜி ரகசியமாக. "யாருடா இந்த ஜஸீல்?"

பதினொன்றே முக்காலுக்கு இருபத்திரண்டு வண்டியும் வந்து சேர்ந்தன. ஹாஜி முகம் சிவந்து குஞ்ஞாலவியை நோக்கி வேகமாக வந்தார். நாற்காலிக் கதையெல்லாம் இனிச் சில்லறை. இதைப் பேரன் பேத்தி காலம் வரைக்கும் ஓட்டுவார் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. குஞ்ஞாலவி இரண்டடி பின்வாங்கினான். அதற்குள் அவறான்குட்டி ஓடிவந்து ஹாஜியைக் கட்டிக்கொண்டார்.

"பசியோட வந்திருப்பீங்க! விடியக்காலம் மூணு மணிக்கு நானே நின்னு பிரியாணி அண்டாவை இறக்கினேன். உங்க ஆளுங்க நூறு பேரும் சாப்பிடுறதை என் கண்ணால பார்த்தாத்தான் எனக்குத் தொண்டையில தண்ணி இறங்கும். சம்பந்தி ஒருத்தர் என் சோத்தைத் தொடாம எழுந்துட்டாருன்னு என் பெரிய மருமகன் வீட்டோட ரெண்டு வருசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தவன் நான்!"

ஹாஜி அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார். வேறு கல்யாணத்தில் தின்றுவிட்டு வந்தோம் என்று ஒரு சொல் வெளியே வந்தால் போதும், நிக்காஹ் நடக்குமோ நடக்காதோ. நூறு பேரும் வயிற்றைத் தடவிக்கொண்டு ஊமையானார்கள்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பந்தி போட்டார்கள். நூறு பேரும் வேர்க்க விறுவிறுக்க, கண்ணீர் மல்க, இரண்டாவது பிரியாணியைத் தின்றார்கள். அவறான்குட்டி, நம் சமையலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனார். வழியில் ஒரு வாய்கூடச் சாப்பிடாத குஞ்ஞாலவிக்கு அன்று பிரியாணி தேனாக இறங்கியது. மூன்றாவது கவளம் போகும்போதுதான் அவனுக்கு ஒரு சங்கதி உறைத்தது. இந்தக் கதையை ஹாஜி இனி யாரிடம் சொல்ல முடியும்?

கையைக் கழுவிவிட்டு, பரிமாறுகிறவனிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு ஹாஜிக்கு எதிரே போய் நின்றான். ஹாஜி பெல்ட்டைத் தளர்த்தி, சோற்றை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அவறான்குட்டிக்கா, எங்க மச்சானைக் கவனிக்கவே இல்லையே," என்றான் குஞ்ஞாலவி எல்லோர் காதிலும் விழும்படி. "அவருக்குக் கூச்சம், வாய் விட்டுக் கேக்க மாட்டாரு. வீட்டுல மூணு தட்டு தின்பாரு."

"அய்யய்யோ, போடுங்க போடுங்க, நல்லா போடுங்க!" என்றார் அவறான்குட்டி.

ஒரு கரண்டி விழுந்தது. இன்னொரு கரண்டி விழுந்தது. மூன்றாவதை ஒரு ஆட்டுக்காலோடு மேலே தூக்கியபோது ஹாஜி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அவனைத் தன் வாயருகே குனிய வைத்தார்.

"சொல்ல மாட்டேன்டா," என்றார். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியையும் விட்டுடுறேன். கரண்டியை மட்டும் கீழ வை."