சுவருக்கு அந்தப் பக்கத்துச் சுவிட்ச்

விடியுமுன்பே எங்கள் சலவைக்கூடத்தில் நீராவி கிளம்பிவிடும். ஓட்டல் விரிப்புகள் ஈரத்தில் கல்லாய்க் கனக்கும். சோப்புக் காரத்தில் விரலிடுக்குகள் வெந்து வெளுத்திருக்கும். ஆளுயர உருளை சுற்றி ஓய்ந்ததும், விரிப்புகள் வடக்கயிறாய் முறுக்கிக்கொண்டு அதன் அடியில் ஒட்டிக் கிடக்கும். அவற்றைப் பிய்த்தெடுக்க ஒருவர் இடுப்புவரை உள்ளே புக வேண்டும். ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் அண்ணனுக்கு அந்த வேலை. உடம்பு மெலிந்ததற்குக் கிடைத்த பதவி உயர்வு.

உருளையின் சுவிட்ச் முன்பு பக்கத்திலேயே இருந்தது. மூச்சு வாங்குவதற்காக நாங்கள் அதை அணைக்கிறோம் என்று சந்தேகப்பட்ட முதலாளி, சுவருக்கு அந்தப் பக்கம், தன் அறைக்குள் மாற்றச் சொன்னார். எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். இயந்திரத்தின் முன் நிற்பவர் கண்ணில் படும்படி சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அணைத்த நிலையில் அதற்குப் பூட்டுப் போட வசதி வேண்டும். விதி அப்படி என்றார். முதலாளி விதியிடமே பேரம் பேசினார். குறுக்கே ஒரு சுவர்தானே, அதைக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்றார். கடைசியில் சுவிட்ச் அவர் அறைக்குப் போனது, பூட்டும் வரவில்லை.

ஆகவே நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒல்லி உள்ளே புகுமுன் ஒருவர் போய்ச் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார். துண்டு தொங்கினால் உருளைக்குள் ஆள். முதலாளிக்கு அது தெரியும். புதிதாக அவர் அறை நாற்காலியில் வந்து உட்கார்ந்த மைத்துனருக்குத் தெரியாது. மேசைக்காரருக்கு நாம் போய் என்ன சொல்வது என்று நாங்களும் இருந்துவிட்டோம். மைத்துனர் சுத்தக்காரர். துண்டை எடுத்து மேசையைத் துடைத்தார். அழகாக மடித்து வைத்தார். இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று சுவிட்சைப் போட்டார்.

இஸ்திரி மேசையிலிருந்து ஒல்லியின் தங்கைதான் ஓடினாள். அண்ணன் கண்ணெதிரே சுழல, அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அணைத்துவிட்டு வருவதற்குள் அலறல் நின்றிருந்தது. உயிர் தப்பியது. வலது கையைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் முதலாளி தன் அறை வாசலில் நின்று உத்தரவு போட்டார். அடுத்து மெலிந்தவள் தங்கைதான். உள்ளே போனால் வேலை, இல்லாவிட்டால் வீடு. இனி அவள் ஒருத்தியின் கூலியில்தான் மூன்று பேர் சாப்பிட வேண்டும். அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உருளையை நோக்கி நடந்தாள். ஈரத்துணித் தள்ளுவண்டி தள்ளும் அக்கா குறுக்கே போய் நின்றாள். பிழிகிறவர், மடிக்கிறவர்கள், நான் என்று எல்லாரும் அக்காவின் பக்கத்தில் போய் நின்றோம்.

"சுவிட்ச் இங்க வந்தாத்தான் இவ உள்ள போவா," என்றாள் அக்கா.

"சுவரை உடைச்சுக் கம்பி இழுக்க எவ்வளவு ஆகும் தெரியுமா?"

"தெரியாது, முதலாளி. உங்க ஃபேனுக்கு சுவிட்ச் எங்க இருக்கு?"

"கைக்கெட்டுற தூரத்துல. அதுக்கென்ன?"

"அது தலைக்கு மேல சும்மா சுத்துது. அதுக்கே கைக்கெட்டுற தூரம். ஆளை முழுங்குற இதுக்கு மட்டும் சுவரைத் தாண்டிப் போகணுமா?"

முதலாளி ஒரு மணி மாட்டித் தருகிறேன் என்றார். பிறகு சிவப்பு விளக்கு என்றார். பிறகு மைத்துனரை ஊருக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். மைத்துனர் உள்ளே இருமினார். வாங்குகிறவர் தானாகவே விலையை ஏற்றிக்கொண்டு போனால் அவருக்குச் சரக்கு அவசரம் என்று கடைவீதியில் வளர்ந்த எனக்குத் தெரியும். அக்காவின் காதில் சொன்னேன். எனக்குத் தெரியாதாடா என்பதுபோல் பார்த்தாள்.

வெளியே ஓட்டல் வண்டி ஹாரன் அடித்தது. ஓட்டுநர் உள்ளே வந்து விரிப்புகள் எங்கே என்றார். ஈரச் சுமையை அப்படியே அடுத்த தெருச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் முதலாளி. ஓட்டுநர் தங்கையைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வெளியே போனார். இஞ்சின் சத்தம் நின்றது. சாவியைச் சட்டைப்பையில் போட்டபடி வந்து எங்கள் வரிசையில் நின்றார்.

"நல்லவேளை, வண்டியோட சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு," என்றார்.

தங்கை சுருட்டிய சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். சுவிட்ச் அசையவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. முதலாளி மட்டும் வாசலைவிட்டு இறங்கி, எங்கள் ஈரத் தரையில் வழுக்காமல் கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.