திரும்பி வராத அறைகள்

பெரியவள் ஓட்டல் அறையைச் சுத்தம் செய்து முடித்துவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனதும் சின்னவள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். பார்க்கிறவர்கள், சூப்பர்வைசர் அறையைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே நடந்ததே வேறு. அழகாகப் போட்டாயிற்று என்று பெரியவள் நம்பி விட்டுப்போன படுக்கையை அவள் அடியோடு உருவினாள். விரிப்பை உதறி, அதன் நடுக்கோடு கட்டிலின் நடுவில் விழும்படி இறக்கினாள். மூலைகளை மடித்து மெத்தைக்கடியில் செருகினாள். தலையணை உறைகளின் திறந்த வாய் கதவைப் பார்க்காமல் சன்னலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். குழாயின் மேல் நின்ற தண்ணீர்ப் பொட்டுகளையும் துடைத்துவிட்டு, கீழே வரவேற்பறைக்குப் போன் போட்டு, "ரூம் ரெடி" என்றாள். வெளியே வரும்போது தாழ்வாரத்தை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். பதவி உயர்வு வாங்கியவள் செய்கிற வேலையா இது?

இருவரும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். வீட்டில் வைத்த இந்தப் பெயர்தான் தெருவிலும், பிறகு ஓட்டலிலும் நிலைத்தது. சின்னவள் அந்த ஓட்டலில் அறை துடைக்கிறவளாகச் சேர்ந்து, கைவேலையின் சுத்தத்தால் அந்த மாடிக்கே சூப்பர்வைசர் ஆனவள். அண்ணன்காரர் வேலை பார்த்த அச்சகம் மூடிப்போனபோது, "அக்காவையும் எங்க ஓட்டல்ல சேத்து விடுறேன்" என்று அவள்தான் வாய் விட்டாள். வீட்டில் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பின்னால் வரப்போகும் சங்கடத்தை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

வீட்டில் உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதுவரை பெரியவள் வைத்ததுதான் சட்டம். சின்னவள் அவளை எதிர்த்துப் பேசியது கிடையாது. "நீங்க" என்ற மரியாதை ஒரு நாளும் இறங்கியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு, ஓட்டலுக்குள் நுழைந்து சீருடை மாட்டிக்கொண்ட நிமிடத்திலிருந்து மேலே நின்று குறை சொல்ல வேண்டிய வேலை. குறை இருக்கிற அறையை அங்கே "திரும்பி வந்த ரூம்" என்பார்கள். துடைத்தவளையே கூப்பிட்டு மறுபடி செய்ய வைக்க வேண்டும். முதல் நாள் பெரியவள் போட்ட படுக்கை ஒரு பக்கம் தூக்கலும் ஒரு பக்கம் தொங்கலுமாக இருந்தது. "எப்படி?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் பெரியவள். சின்னவள் வாயைத் திறந்தாள். "நல்லாயிருக்குக்கா" என்றுதான் வந்தது.

அன்று ஆரம்பித்தது இந்தத் திருட்டு வேலை. மற்ற பெண்களின் அறைகளை அவள் கூசாமல் திருப்பி அனுப்பினாள். பெரியவளின் அறைகளை மட்டும் தானே செய்து மூடி மறைத்தாள். கேட்டால் மரியாதை என்பாள், பாசம் என்பாள். அதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதில் இல்லை. சூப்பர்வைசர் ஆன பிறகு அவளுக்கு நாள் முழுக்க நடையும் போனும் அதட்டலும்தான். படுக்கை போடுவதில் அவளுக்கு இருந்த சுகம் பறிபோயிருந்தது. உதறிய விரிப்பு காற்றைப் பிடித்து எழும்பி மெத்தைமேல் படியும் அந்த ஒரு நொடிக்காக அவள் ஏங்கிக் கிடந்தாள். பெரியவள் கோணலாகப் போடப்போட இவளுக்குக் கொண்டாட்டம். சில நாள் காலையில், இன்றைக்கு அக்கா ஒழுங்காகப் போட்டுவிடுவாளோ என்றுகூட மனம் பதறியது. அப்படிப் பதறியதற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

பெரியவளோ நாளுக்கு நாள் நிமிர்ந்தாள். இதுவரை சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்காதவள், சாப்பாட்டு மேசையில் தட்டை வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னிக்கும் என் ரூம் ஒண்ணுகூட திரும்பி வரல."

"அடேங்கப்பா, வீட்டுல நம்ம மெத்தை மட்டும் பள்ளமா கெடக்குது" என்பார் அவள் புருஷன். கொழுந்தனும் சேர்ந்து சிரிப்பான். பெரியவளுக்கும் சிரிப்பு வரும். சின்னவள் மட்டும் தட்டைப் பார்த்துக் குனிந்து தின்றுகொண்டிருப்பாள்.

அந்த ஓட்டலின் அறைப் பிரிவுக்கு ஒரு மேனேஜர் அம்மா இருந்தாள். சன்னல் விளிம்பில், கண்ணாடிச் சட்டத்தில், எங்கே பார்த்தாலும் சுண்டுவிரலை ஓட்டித் தூசி பார்ப்பாள். அதனால் முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் சுண்டுவிரல். ஒரு நாள் சுண்டுவிரல் சின்னவளை அறைக்குக் கூப்பிட்டாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை பழக்கிக்கொடுக்க ஒருத்தி வேண்டும், அதற்குப் பெரியவளை எடுக்கலாம் என்று இருப்பதாகச் சொன்னாள்.

"அவங்க ரூம் எதுவுமே திரும்பி வந்ததில்ல. நானும் பார்த்தேன், படுக்கை கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க சொந்தக்காரங்கங்கிறத மறந்துட்டு சொல்லுங்க. செய்வாங்களா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. கதவு சாத்தியிருந்தது, கேட்க வேறு காது இல்லை. "நல்லாத்தான் செய்வாங்க மேடம்" என்றாள் சின்னவள். கோழைக்கு எப்போதும் சுலபமான பதில்தான் நாக்கில் நிற்கும்.

"சரி. புதன்கிழமை எல்லாரும் பாக்க ஒரு ரூம் செஞ்சு காட்டச் சொல்லுங்க. அன்னிக்கே அறிவிச்சிடலாம்."

செய்தி கேட்டதும் பெரியவள் வீட்டில் ஒரு வரி சொன்னதோடு சரி, யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. அதுதான் சின்னவளை இன்னும் வதைத்தது. துணி காயப்போடும் மொட்டைமாடியில் இருவரும் தனியாக இருந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணனைக் கட்டினேன், பெரியவளாயிட்டேன். அதுக்கு நான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடல. இது அப்படியில்லடி. இது என் கையால வாங்குனது."

சின்னவள் ஈரத்துணியைப் பிழிந்த பிழியில் அது கிழியாதது ஆச்சரியம். "அக்கா, நம்ம கட்டில்ல ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா? சும்மா, பழக்கத்துக்கு" என்றாள்.

"எனக்கா? போடி இவளே" என்று பெரியவள் சிரித்தாள். "தெனமும் செய்யுறதுக்கு ஒத்திகை வேற."

இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சின்னவள் துணிகளுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை, ஓட்டல் மாடியின் மூலை அறையில் பெண்கள் எல்லோரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சுண்டுவிரல் மேசையருகே நின்றாள். பெரியவள் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூச்சமே இல்லாமல், சொல்லிச் சொல்லிச் செய்தாள். "விரிப்ப இப்படி உதறணும். இப்படி இழுக்கணும்." குரல் அருமையாக இருந்தது. நல்ல வாத்தியார் குரல். விரிப்பு மட்டும் ஒரு பக்கம் தரையைத் தொட்டது, மறுபக்கம் மெத்தை தெரிந்தது. மூலை, அவசரத்தில் கட்டிய மூட்டை மாதிரி புடைத்து நின்றது. தலையணைகள் கதவைப் பார்த்து வாயைப் பிளந்தன. பெரியவள் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்தாள்.

வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதட்டப்படாதீங்க" என்றாள் சுண்டுவிரல். "இன்னொரு தடவை, நீங்க வழக்கமா செய்யுற மாதிரி."

"இதான்மா வழக்கம்."

"அக்காவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல மேடம்" என்று சின்னவள் குறுக்கே விழுந்தாள்.

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் பெரியவள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உருவிவிட்டு மறுபடி போட்டாள். அதே தொங்கல், அதே புடைப்பு. இந்தத் தடவை சுவரோரப் பெண்களின் கண்களைப் பார்த்து அவள் புன்னகை பாதியில் நின்றது. "என் ரூம் எதுவும் திரும்பி வந்ததில்லம்மா. இவளையே கேளுங்க" என்று சின்னவளைக் காட்டினாள்.

சுண்டுவிரல் சின்னவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "நீங்க போடுங்க" என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல முடியாது. சின்னவள் விரிப்பை உருவி உதறினாள். அது காற்றைப் பிடித்து எழுந்து, கோடு பிசகாமல் இறங்கியது. கைகள் தாமாகவே மூலைக்குப் போயின, மடித்தன, செருகின. ஓரகத்தியின் மானம் அந்த மெத்தைமேல் கப்பலேறிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் கைகளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளால் நிறுத்தவும் முடியவில்லை. வாழ்நாளில் வேறெதற்கும் அவள் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"நான் தெனமும் பாத்தது இந்தப் படுக்கையைத்தான்" என்றாள் சுண்டுவிரல்.

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவள் படுக்கையைப் பார்த்தாள், சின்னவளின் கைகளைப் பார்த்தாள். தோளில் கிடந்த துடைக்கும் துணியை எடுத்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் அழுதிருந்தால்கூட சின்னவள் பிழைத்திருப்பாள்.

சாயங்காலம் சுண்டுவிரல் கத்தவில்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. "உங்களுக்குப் படுக்கை போடுறதுதான் பிடிச்சிருக்குன்னா சொல்லுங்க, டிராலியத் திருப்பித் தர்றேன். அதுல ஒரு கேவலமும் கிடையாது. ஆனா சூப்பர்வைசர்னு பேரை வச்சுக்கிட்டு ஒளிஞ்சு படுக்கை போடாதீங்க. காலையில பதில் சொல்லுங்க" என்றாள். சின்னவள் அங்கேயே சொல்லியிருப்பாள், டிராலியையே கொடுங்கள் என்று. அவ்வளவு ஆசையாக இருந்தது. காலையில் சொல்வதாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் பெரியவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. சின்னவளுக்கு அதில் உட்காரத் துணிவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். இறங்கித் தெருவில் நடக்கும்போதுதான் பெரியவள் வாய் திறந்தாள்.

"எப்பத்துல இருந்து?"

"மொத நாள்ல இருந்துக்கா."

"ஏன் சொல்லல?"

"நீங்க பெரியவங்க. மனசு நோகும்னு..."

"மனசு நோகாமத்தான் இன்னிக்கு வீட்டுக்குப் போறேன் பாரு."

சின்னவள் நடுத்தெருவில் நின்று அழுதாள். "மன்னிச்சிருங்கக்கா. நான் டிராலிக்கே போயிடுறேன். இந்தப் பதவியே எனக்கு வேண்டாம்."

பெரியவளும் நின்றாள். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஓடப் பாக்குறியா? உனக்குச் சுகமான எடத்துக்கு நீ ஓடிடு. எனக்கு யாரு சொல்லுவா?" மூச்சு வாங்கியது. "நீ இந்த வீட்டுக்கு வந்த புதுசுல உன்ன எத்தனை திட்டு திட்டியிருப்பேன். ஏன் திட்டினேன்? சொன்னா இவளுக்கு வரும்னு நம்பினேன், திட்டினேன். நீ என்னைய ஒரு நாளும் திட்டலியேடி. அந்த ஓட்டல்ல எல்லாரையும் திருப்பி அனுப்பினியே, அவங்களுக்கெல்லாம் வரும்னு நெனச்ச. எனக்கு வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

சின்னவள் தினமும் தனக்குத்தானே மரியாதை, மரியாதை என்று சொல்லி ஊட்டிக்கொண்டதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று அவள் எண்ணிப்பார்த்ததே இல்லை. வீட்டு வாசலில் இரண்டு புருஷன்மார்களும் நல்ல செய்திக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். "கெடைக்கல" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் பெரியவள் உள்ளே போனாள். யாரால் என்று அவள் சொல்லவில்லை. சின்னவள்தான் சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும், தானாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் புருஷன்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை சின்னவள் சுண்டுவிரலிடம் போய், "சூப்பர்வைசராவே இருக்கேன் மேடம்" என்றாள். நாக்கு கசந்தது.

பெரியவள் வேலைக்கு வந்திருந்தாள். மற்ற பெண்கள் குசுகுசுவென்று பேசுவதையும் அவள் வந்ததும் நிறுத்துவதையும் கண்டுகொள்ளாமல், முதல் அறையை முடித்துவிட்டுக் கதவருகே நின்றாள். "பாத்துச் சொல்லு" என்றாள்.

படுக்கை நேற்று மாதிரியேதான் இருந்தது. தாழ்வாரத்தில் இரண்டு பெண்கள் டிராலியை நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"சரியில்லக்கா. எடுத்துட்டு திரும்பப் போடுங்க."

பெரியவள் உருவினாள். உதறினாள். விரிப்பு கோணலாக இறங்கியது.

"நடுக்கோடு வலது பக்கம் போயிடுச்சு. எடுங்க."

மறுபடி உருவினாள். இழுத்தாள். மூலையை மடிக்கும்போது அவள் கன்னத்தில் தண்ணீர் இறங்குவதைச் சின்னவள் பார்த்துவிட்டாள். கைகள் தாமாகக் கட்டிலை நோக்கி நீண்டன.

"தொடாத" என்றாள் பெரியவள், திரும்பாமலே. "நான் அழுதா அழுதுட்டுப் போறேன். நீ நிறுத்தாத. சொல்லு."

சின்னவள் கைகளைப் பின்னால் இழுத்து, ஒன்றை இன்னொன்றால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மூலை தொங்குதுக்கா. எடுங்க" என்றாள்.