மெழுகுக்காரியின் எண்ணிக்கை

பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு மெழுகுக்காரி என்று பெயர். அறுவை அறையிலிருந்து வரும் சதையை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பாள். சொந்தச் சதையைத் தொடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அவள் தொட்டாள்.

பத்தொன்பது வயதில் முறுக்கிக்கொண்டு ஒரு சினைப்பை போயிற்று. மிச்சமிருந்ததிலும் இப்போது கட்டி. டாக்டர் கட்டியை மட்டும் உரித்தெடுத்தார், புற்று இல்லை. "கண்டம் தப்பிச்சுது" என்று மாமியார் தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தாள்.

கட்டியின் தோலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். தோலோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய கருமுட்டைகள். உரித்தபோது கூடவே வந்துவிட்டிருந்தன. வட்ட வட்டமாக, நடுவே கரும்புள்ளியோடு, பதினேழு.

அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன மனசு விட்டால்தானே. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அதே மெழுகிலிருந்து இன்னொரு சீவல், இன்னொரு எண்ணிக்கை. பஸ்ஸில் கண்ணை மூடினால் அங்கேயும் வந்து நின்றன. மூன்று மாதத்தில் நானூறைத் தாண்டியது.

ஒரு மதியம் தலைமை டாக்டரம்மா பின்னால் வந்து நின்றார். தேய்ந்துபோன மெழுகைப் பார்த்தார், திட்டவில்லை.

"நீயே படிக்க வர்ற பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுப்பியேம்மா. ஒரே முட்டைதான் அடுத்தடுத்த பத்து சீவல்லயும் தெரியும். ஒண்ணுக்கே பத்து தடவை அழுதிருக்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியென்றால் நாற்பதுதானா?

"போனத எண்ணினது போதும். உள்ள மிச்சம் எவ்வளவுன்னு ரத்தம் குடுத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பயம், வேறென்ன.

அன்றே கொடுத்தாள். மறுநாள் வந்த எண் நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு வரவேண்டியது, அவளுக்கு இருபத்தொன்பது. டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"அடியோட இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நாளைத் தள்ளாதே."

வீட்டில் கணவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்து, வழக்கமான ஆறுதலையே எடுத்து வைத்தான்.

"உடம்பு நல்லாத் தேறட்டும். குழந்தையப் பத்தி அடுத்த வருஷம் யோசிக்கலாம்."

"நமக்கு அடுத்த வருஷம் இல்லங்க," என்றாள் அவள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "கட்டியோட சேத்து அதையும் உரிச்சு எடுத்துட்டாங்க. இந்த மாசம்தான் இருக்கு."

அவன் டிவியை அணைத்தான்.