கற்பூரத்தை அணைத்த கை

ஐந்து வருஷ அரிப்புக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அன்றுதான் ஒரு பெயர் கிடைத்தது. லைக்கன் ஸ்க்ளிரோசஸ்.

"யார்கிட்டேருந்தும் தொத்துனது இல்லம்மா. உன் உடம்பே உன் தோலைத் தாக்குது. அடியோட போவாது. ஆயின்மென்ட்டை விடாம தடவினா அடங்கும்" என்றார் லேடி டாக்டர்.

அந்தரங்கத்தில் தோல் வெளுத்து வெடித்தபோது, நெல் அறுக்கும் மெஷினோடு ஆந்திரா போய்வந்த புருஷன் ஜெகதீசன்தான் எவளிடமோ நோயை வாங்கி வந்தான் என்று முடிவு கட்டியவள் கலைப்பிரியா. டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டவள், புருஷனைக் கோயிலில் நிறுத்த வெட்கப்படவில்லை. எவளையும் தொட்டதில்லை என்று எரிகிற கற்பூரத்தை வெறும் கையால் அணைத்து அவன் சத்தியம் பண்ணினான். கை கொப்பளித்ததுதான் மிச்சம். அன்றே அவன் பாயை வெளியே தூக்கிப் போட்டாள்.

திண்டிவனம் பஸ்ஸில் டாக்டர் சொன்னதையெல்லாம், துணைக்கு வந்திருந்த அவனிடம் சொல்லி அழுதாள்.

"நான் பாவி. நீ அவ்ளோ சொல்லியும் நம்பாமப் போனேன்."

தழும்பேறிய அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். ஜெகதீசன் கையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குப் பண்ண சத்தியம் நெசந்தான், கலை. இன்னிக்கு மறுபடியும் கற்பூரத்த அணைக்கச் சொல்லாத."