ஈரக்கிண்ணம்

பல்செட்டுக்காரர் வீட்டு முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் சரக்குக் கப்பல், கறுப்பு அடித்துப் பதினோரு வருஷமாகியும் இன்னும் காயவில்லை. முழ நீளக் கப்பல்தான். ஆனால் தினமும் ஒரு வாளித் தண்ணீர் விடுகிறது. அரை வாளிதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் மழைக்காலத்தில் வந்து பார்த்ததில்லை.

அந்த மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள், மீதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலமானால் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிக் கப்பல் செய்வார். சின்னக் கப்பல் சங்கம் என்று ஒன்று இருந்தது, வருஷத்துக்கு ஒரு போட்டி, ஒரு கோப்பை. அந்தக் கோப்பை சங்கத் தலைவரான மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டை விட்டு வெளியே வந்ததே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, பல்செட்டுக்காரரின் கப்பலை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் பார்த்து, "அண்ணே, பிரஷ் கோடு தெரியுதே" என்பார். சங்கமே சிரிக்கும், அதிலும் பாதிச் சிரிப்பு பல்செட்டுக்காரர் கையால் செய்த சிரிப்பு. அந்த எரிச்சலில்தான் அவர் வண்ணத்தைப் புகை மாதிரித் தூவுகிற ஏர்பிரஷ்ஷும், அதற்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரும் வாங்கப் போனார்.

கம்ப்ரஸர் கடைக்காரர் நல்லவிதமாகத்தான் சொல்லிக்கொடுத்தார். தொட்டி வைத்த கம்ப்ரஸராக எடுங்கள், இல்லாவிட்டால் காற்று விக்கி விக்கி வரும் என்றார். பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரையுங்கள் என்றார். குழாய் நடுவில் தொங்கிய ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டிக்காட்டி, "இது ஈரக்கிண்ணம் சார். காத்துல இருக்கிற ஈரமெல்லாம் இதுல வந்து தங்கிடும். அப்பப்பத் திறந்து கொட்டிடுங்க" என்றார். கொட்டுவது என்ற காரியம் மட்டும் பல்செட்டுக்காரருக்கு வராது. மெழுகுச் சீவல், சாந்துத் தூள், வாங்கிப்போக வருவதற்குள் செத்துப்போனவர்களின் பற்கள் என்று எல்லாவற்றையும் சீசாவில் போட்டு மூடி வைக்கிற கை அது.

வீட்டில் காலியாக இருந்த ஒரே ப்ளக் பாயின்ட் அவர் மனைவியின் தையல் மெஷினுக்கு அடியில் இருந்தது. அந்த அம்மாள் முன்னறையில் உட்கார்ந்து ஊராரின் பேன்ட்டுகளை நீளம் குறைத்துக்கொண்டிருப்பார். கம்ப்ரஸர் அவர் காலடியில் குடியேறியது. முதல் நாள் பெயின்ட்டைக் கரைக்காமல் தயிர் மாதிரியே ஊற்றியதில் ஏர்பிரஷ் ஒரு தும்மல் போட்டு, தைக்க வந்திருந்த நீதிபதியின் பேன்ட்டில் பச்சைப் புள்ளி வைத்தது. நீதிபதி கவனிக்காமல் அதைப் போட்டுக்கொண்டு போய் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டு வந்தார்.

அவர்களுக்கு ஒரே மகன், சரக்குக் கப்பலில் வேலை. கரைக்கு வந்தால் போன் செய்வான். அந்த அம்மாள் சிரிப்பது அப்போது மட்டும்தான், அதுவும் சொந்தப் பற்களால். விடுமுறை முடிந்து அவன் கிளம்பிய அன்று, அவர் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டையோ முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சுவரொட்டிகள் பசை காய்ந்து தாமாக விழுந்த கோடை அது. ஆனாலும் அவர் காலடியில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் ஈரக்கிண்ணம் நிரம்பி வழிந்தது. பல்செட்டுக்காரர் அதைச் சீசாவில் பிடித்தார். பெயின்ட் கரைக்கிற தின்னர் தீர்ந்துபோன நேரத்தில் அதையே பெயின்ட்டில் ஊற்றி அடித்தும் பார்த்தார். கோடு இல்லை, திட்டு இல்லை, வண்ணம் கப்பலோடு பிறந்தது போல உட்கார்ந்தது. வாயில் விட்டுப் பார்த்தார். உப்பு. மெஷின் பக்கம் திரும்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஆசையோடு அவர் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அழுகை ஒரு சரக்காயிற்று. சாப்பாட்டைக் குறை சொன்னால் ஒரு கொடிக்கம்பம் அடிக்கிற அளவுக்கு வரும், செத்துப்போன மாமனாரை இழுத்தால் ஒரு மேல்தளம். அவமானத்தில் வந்த கண்ணீர் மங்கலாகக் காயும், ஏக்கத்தில் வந்தது பளபளக்கும். வெங்காயம் நறுக்கவிட்டுப் பார்த்தார், பெயின்ட் பல் இளித்தது. அந்த அம்மாளுக்கு விஷயம் புரியாமல் இல்லை. "இன்னிக்கு என்னங்க அடிக்கப் போறீங்க? பளபளப்பா, மங்கலா? சொன்னா அதுக்குத் தக்கன நெனச்சுக்குவேன்ல" என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்பார். சங்கத்துக்குச் சேதி கசிந்தது. கடையில் கம்ப்ரஸர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாயங்காலமானால் தெருத் தெருவாக மோட்டார் உறுமும், பெண்கள் அழுவார்கள், ஊர் முழுக்க அருமையான கப்பல்கள். தலைவர் பாடுதான் திண்டாட்டம். அவர் மனைவி என்ன சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிற பிறவி. தலைவர் வேறு வழியில்லாமல் தானே அழுது தானே அடித்தார். தன்மேல் தனக்கிருந்த இரக்கம் கலந்துவிட்டதால் வண்ணம் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிந்தது.

கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அந்த வருஷம் பல்செட்டுக்காரர் மகன் வேலை செய்கிற கப்பலையே அச்சு அசலாகச் செய்திருந்தார். அடிப்பக்கத்துக்குக் கறுப்பு அடிக்க வேண்டியதுதான் பாக்கி, அதற்கோ நிறைய வேண்டும். ஆனால் அந்த அம்மாள் வற்றிப்போயிருந்தார். மாமனாரை இழுத்தால் கொட்டாவி விட்டார். மகனிடமிருந்து போன் வந்து நாளாகியிருந்தது. நடுக்கடலில் இருப்பான், வழக்கம்தான். பல்செட்டுக்காரர் ஸ்விட்சைப் போட்டார். காற்றழுத்த முள் ஏறி நிற்கும்வரை காத்திருந்தார். கிண்ணத்தின் திருகைச் சரிபார்த்தார். பிறகுதான் சொன்னார்: "இந்தா, இங்க பாரு. பையனோட கப்பல் முழுகிருச்சாம். ஒருத்தரும் பிழைக்கலையாம்."

கிண்ணம் போதவில்லை. சீசா, குடம், பல் ஊறவைக்கிற தொட்டி எல்லாம் வைத்துப் பிடித்தார். அழுகை ஓய்ந்த மதியம் அந்த அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, பாதியில் நின்ற ஜிப்பைத் தைத்து முடித்தார். கண்ணில் ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருந்தது. போட்டியன்று தலைவர் பூதக்கண்ணாடியோடு குனிந்தார், வெகு நேரம் நிமிரவில்லை. விரலால் தொட்டார், ஈரம். எங்கோ சங்கு ஊதுவது கேட்டதாகச் சொன்னார். கோப்பை வீடு மாறியது.

வந்த கையோடு பல்செட்டுக்காரர், "அது தப்பான தகவலாம்டி, பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார். மனைவி நிமிரவே இல்லை. "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? அதான் அழுது முடிச்சாச்சே" என்றார்.

அடுத்த மாதம் மகன் வாசலில் வந்து நின்றான்.

"அம்மா."

"வாங்க தம்பி. பேன்ட் குறைக்கணுமா?"

"அம்மா, நான்தாம்மா."

"சரி, நேரா நில்லுங்க" என்று அளவு நாடாவைப் பிடித்துக் காலோடு வைத்துப் பார்த்தார். "நல்ல உசரம். எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தான், இதே அளவு. கடல்ல போயிட்டான்."

மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர்கள் வந்தார்கள், பழைய போட்டோக்களைக் காட்டினார்கள். அந்த அம்மாள் போட்டோவையும் பார்ப்பார், அவனையும் பார்ப்பார், "ஜாடை இருக்கு" என்று ஒப்புக்கொள்வார், அவ்வளவுதான். மகன் கடல் வேலையை விட்டுவிட்டு மாடி அறைக்குக் குடிவந்தான். வாரம் ஒரு தடவை நல்ல பேன்ட்டாகப் பார்த்துத் தானே தையலைப் பிரித்து, தைக்கக் கொண்டுவருவான். தைத்து முடிகிறவரை எதிரில் உட்கார்ந்திருப்பான். அவன் அம்மா என்றுதான் கூப்பிடுவான், எல்லா வாடிக்கைக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பல்செட்டுக்காரர் ஒருநாள் கம்ப்ரஸரைப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்து, தெருவே கதவைத் திறந்து பார்க்கிற மாதிரி அழுதார். கிண்ணத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மெஷினிலிருந்து, "மோட்டார் சூடாகுதுங்க, அணைங்க" என்றார் மனைவி.

கப்பல் மட்டும் காயவே இல்லை. அந்த அம்மாள் தினமும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, குழந்தைக்குத் தலை துவட்டுவது போலத் துணியால் ஒற்றி, வாளியில் பிழிவார். அந்தத் தண்ணீரைத் தெருக்கோடி மரத்தடியில் ஊற்றினார்கள், மரம் பட்டுப்போனது. இப்போது சாக்கடைக்குத்தான் போகிறது. அந்த அம்மாளுக்கு இடுப்பு வளையவில்லை என்பதால் மாடியில் குடியிருக்கிற தம்பிதான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுகிறான்.

"நாளைக்கும் வேணுமாம்மா?" என்று வெறும் வாளியை வைத்துவிட்டுக் கேட்பான்.

"ஆமா தம்பி. இன்னும் ஈரமாத்தானே இருக்கான்."