எல்லாமே பச்சை

ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை, மென்பொருள் நிறுவனமொன்றின் நான்காம் மாடியில், பன்னிரண்டு மருத்துவமனைகளின் பில் மென்பொருள்கள் முதன்முறையாக ஒரே பொது நிரல் பகுதியிலிருந்து கணக்கை எடுத்துக்கொண்டன.

அதுவரை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதே கணக்கு நிரலை நகலெடுத்து ஒட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். ஒன்றில் பிழை திருத்தினால் மற்ற பதினொன்றிலும் தேடித் திருத்த வேண்டும். திருத்தியதைக் கையால் சோதிக்க ஆறு பேர். எல்லோரும் ஒப்பந்தக்காரர்கள், மாதக் கடைசியில் புதுப்பித்தால்தான் வேலை. அவர்களில் மூத்தவள் அக்கா.

பொதுப் பகுதியைக் கட்டியவள் அடுத்த வரிசையில் நிரல் எழுதும் தங்கை. எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதை அக்கா சமைத்துக்கொண்டே சொன்னாள், பல் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "பேர் வைக்காத பச்சக் குழந்தைக்கு பில் போட்டுப் பாருடி. அங்கதான் பல்லிளிக்கும்." ஒவ்வொன்றையும் தங்கை தானாக ஓடும் சோதனையாக எழுதி வைத்தாள்.

மதியம் பொத்தானைத் தட்டினாள். சோதனை தேறியதற்கான பச்சைக் குறிகள் திரையில் மளமளவென்று இறங்கின. அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"ஏய், என் பச்சக் குழந்தை?"

"பாஸ்க்கா! ரெட்டப் புள்ளையும் பாஸ்!"

"அடிப்பாவி! ஆறு பேர் ஒரு வாரம் முதுகு ஒடியச் செய்யுற வேலைடி. நான் டீயக்கூட முடிக்கல!"

"இனிமே ஒரு இடத்துல திருத்தினா போதும். பன்னெண்டு இடத்துக்கும் தானா போயிடும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை வீட்டுல தூங்கலாம்னு சொல்லு!"

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். திரையைப் பார்த்துக் கைதட்டினார். "கலக்கிட்டீங்கம்மா ரெண்டு பேரும். இனி கையால சோதிக்க எதுவும் மிச்சம் இல்லையே?"

"ஒண்ணுமே இல்ல சார்," என்றாள் அக்கா, தங்கையை முந்திக்கொண்டு.

ஜூலை முதல் தேதி காலை, அக்காவின் அடையாள அட்டைக்கு அலுவலகக் கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. அட்டையைத் துப்பட்டாவில் துடைத்து மறுபடியும் வைத்தாள். சிவப்பு. தங்கையின் அட்டைக்குத் திறந்தது.

அக்கா பையிலிருந்த இரண்டு சாப்பாட்டு டப்பாக்களில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"உள்ள போடி. கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னா அலாரம் அடிக்கும்."

சோதனைக் குழுவில் ஒருவருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அன்று பதின்மூன்றாவது மருத்துவமனையை இணைத்தார்கள். எல்லாமே பச்சை.